போடாத தட்டும் மின்னும்

'மின்னுது பார்' என்றொரு மனித இனம் உலகத்தில் உண்டு. என் மச்சான் அதில் அசல் சரக்கு. கரியைக் கண்ணுக்கே தெரியாத துகளாக்கி, ஊதா விளக்கடியில் மின்னவைத்து, உயிரணுவுக்குள் அனுப்பி, அங்கே ஒளிந்திருக்கும் நோயைக் காட்டிக்கொடுக்கச் செய்வதுதான் அவன் ஆராய்ச்சி. நல்ல காரியம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரிக்கு என் வீட்டு அடுப்படிதானா கிடைத்தது?

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? சட்டைப்பையில் பேனா இருக்காது, ஊதா டார்ச் இருக்கும். ஆரஞ்சுத் தோலோ, அடிப்பிடித்த சர்க்கரையோ, சலூனில் கூட்டித் தள்ளிய முடியோ, எது கையில் சிக்கினாலும் வேகவைத்து, வடிகட்டி, டார்ச்சை அடித்து, "மாமா, மின்னுது பாருங்க!" என்பான்.

"என் பாத்திரம் எப்படா மின்னும்?" என்பாள் அவன் அக்கா, அதாவது என் மனைவி.

"அக்கா, அது பாத்திரமில்ல. கண்டுபிடிப்பு."

"அப்ப நீயே தேய்."

போன வாரம் அவனுக்கு வந்தது சோதனை. புதிதாக வந்திறங்கிய பெரிய நுண்ணோக்கி இவன் ஆய்வுக்கூடத்துக்கா, பக்கத்துக் கூடத்துக்கா என்று முடிவுகட்ட துறைத் தலைவர் வந்தார். கிடைத்தால் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமே என்று என்னையும் இழுத்துப்போயிருந்தான். அறையை இருட்டாக்கினான். பழைய நுண்ணோக்கியில் தட்டை வைத்தான். கரித்துகள் தின்ற உயிரணுக்கள் திரையில் நீலமாக ஜொலித்தன. டார்ச் பட்டுத் தலைவரின் வெள்ளைச் சட்டையும் ஜொலித்தது. பல்லும்தான்.

"பிரமாதம்! கரி போடாத தட்டு எங்கே?" என்றார் தலைவர்.

மச்சான் விழித்தான். "அதுல ஒண்ணுமே போடலயே சார். அதை எதுக்குப் பார்க்கணும்?"

"அதுக்குத்தான்யா பார்க்கணும். வை."

வைத்தான். அதுவும் அதே நீலத்தில் ஜொலித்தது. உயிரணுவுக்கே சொந்த ஒளி கொஞ்சம் உண்டாம். அதைக் கழித்தால் மச்சானின் கரிக்கு மிஞ்சியது பூஜ்யம்.

அசந்தானா? இந்த இனமாவது, அசருவதாவது!

"சார், போடாமலே வேலை செய்யுது சார்! இதைவிட மலிவா யார் தருவாங்க?"

நுண்ணோக்கி பக்கத்துக் கூடத்துக்குப் போனது. பெட்டியைத் தூக்கி வைத்தது நான்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். "நான் சொன்ன புத்திமதியாலதான் என் தம்பி உருப்பட்டான்" என்று நேற்று நாலு பேர் முன்னால் மார்தட்டினீர்களே, புத்திமதி போடாத தம்பி எப்படி இருந்திருப்பான் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

பல்லை மூடுங்கள். மின்னுகிறது.