படகில் ஒரு கீறல் இல்லை

இரண்டாம் டிவிஷன், தேயிலைத் தோட்டம்,
தானா ராத்தா, பகாங்.
14.6.1979

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஆண்டியப்பன் அவர்களுக்கு,

தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி சாம்பசிவம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் வடிவம்மாளும் மகள் தாமரையும் மழைக்கும் குளிருக்கும் நடுவே நலம். லுமுட்டில் தாங்களும் வீட்டாரும் நலமாக இருக்கவும், தங்களுடைய இரத்தக் கொதிப்பு இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை கட்டுக்குள் இருக்கவும் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. தாங்கள் உத்தரவிட்டபடி படகு டிரெய்லரிலிருந்து இறங்கிவிட்டது. படகில் ஒரு கீறல் இல்லை. இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்தபடியே மேலே படிக்கவும்.

கடலோரத்தில் கிடந்தால் உப்புக்காற்றில் கெட்டுவிடும் என்று தாங்கள் தங்கள் படகை டிரெய்லரோடு காய்கறி லோரியின் பின்னால் கட்டி மலைக்கு அனுப்பிவைத்தபோதே எனக்குக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் சபையில் சொன்ன வார்த்தை என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. "ஒரு பொருள ஒப்படைச்சா எப்படிப் பாத்துக்கிறாங்கன்னு பாத்துத்தான் நான் மனுசன எடை போடுவேன். படகு ஒரு கீறல் இல்லாம இருக்கட்டும், ஆவணியில கல்யாணத்த வச்சுக்குவோம்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே மகள். அவளுக்குத் தங்கள் மகனைப் பிடித்திருக்கிறது என்பதை அவள் வாய் திறந்து சொல்லவில்லை. தங்கள் வீட்டிலிருந்து கடிதம் வரும் நாட்களில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறாள், அதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆகவே அன்று முதல் அந்தப் படகு எனக்குப் படகு இல்லை, பெண்ணின் வாழ்க்கை. மழை பெய்தால் என் குடையை அதற்குப் பிடித்துவிட்டு நான் நனைந்தேன். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அதில் மிளகாய் காயப்போட்டபோது ஏழு வருஷப் பழக்கத்தையும் பாராமல் சண்டை போட்டேன். தோட்ட மேனேஜர் துரை ஒருநாள் ரோந்து வந்தவர் வண்டியை நிறுத்தி, "என்ன கிராணி, வெள்ளம் வரப் போவுதா? எனக்கும் ஒரு எடம் வையி" என்று கேட்டார். அந்த அவமானத்தையும் தங்களுக்காக விழுங்கிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் தங்கள் கடிதம் வந்தது. தைப்பிங்குக்கு வீடு மாறுகிறீர்கள், சாமான் ஏற்ற டிரெய்லர் மட்டும் வேண்டும், சனிக்கிழமை லோரி வரும், படகை இறக்கிவைத்துவிட்டு டிரெய்லரைக் கொடுத்தனுப்பவும் என்று எழுதியிருந்தீர்கள். எப்படி இறக்குவது என்றும் தாங்களே விளக்கியிருந்தீர்கள்: டிரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னோக்கி விட்டால் படகு தானாக மிதந்து விலகிவிடும், மிகவும் சுலபம். சம்பந்தி அவர்களே, எங்கள் வீட்டில் தண்ணீர் என்பது வாசல் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் வருவது. அதில் மிதக்கக்கூடியது சோப்பு டப்பாதான்.

மனிதர்களை வைத்துத் தூக்கிப் பார்க்கலாம் என்று சின்னையா கங்காணியைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்றுவிட்டாலும் கோயில் தேருக்கு இன்றைக்கும் அவர் குரல்தான். ஆட்களை நாலு பக்கமும் நிறுத்தி ஒரு சத்தம் கொடுத்தார். பழக்க தோஷம், தேரென்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். படகு அசையவில்லை, என் வேலிதான் விழுந்தது. பிறகு கங்காணி தாடையைத் தடவிக்கொண்டு, "கிராணி, படகத் தூக்கக் கூடாது லா. படக இருக்கிற எடத்துலயே நிறுத்திட்டு வண்டிய உருவிக்கணும்" என்றார். கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு நல்ல யோசனை.

யோசனை இதுதான். படகின் பின்பக்கத்தைக் கயிறு போட்டு வாசலில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தில் இறுகக் கட்டுவது. படகுக்கும் டிரெய்லருக்கும் உள்ள கட்டுகளை அவிழ்ப்பது. டிரெய்லரின் கட்டைகளில் சவர்க்காரம் தேய்ப்பது. கீழே பழைய டயர்களும் லாலாங் புல் அடைத்த சாக்குகளும் பரப்புவது. முன்னால் லேண்ட் ரோவரை மாட்டி மெல்ல மெல்ல இழுத்தால் டிரெய்லர் நகர, படகு கயிற்றில் நின்று, வழுக்கி, மெத்தையில் உட்காரும். எங்கள் வாசல் சரிவு என்பது தாங்கள் அறிந்ததே. தாங்கள் வந்த அன்று தங்கள் செருப்பே சரிவில் ஓடிப்போனதைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஆகவே டிரெய்லர் ஓடிவிடாமல் இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு தலையளவு கல் முட்டுக்கொடுத்திருந்தோம். எல்லாம் செய்து முடித்தாயிற்று, ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. லேண்ட் ரோவர் ஓட்டும் சுப்பன் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டியிருந்தது.

இங்கேதான் வடிவம்மாள் வந்தாள். "ஒரு பூசை கூட போடாம எடுக்கப் போறீங்களா? சம்பந்தி வீட்டு வண்டி" என்றாள். நியாயம்தானே? படகுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டாள். சூடத்தை ஏற்றினாள். இரண்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து, அன்று காலை பஸ்ஸில் வந்திருந்த ஒரு தம்பியிடம் கொடுத்து, "சக்கரத்துக்கு முன்னால வச்சுடுங்க தம்பி, வண்டி நகரும்போது நசுங்கணும்" என்றாள். இந்தத் தம்பி விருந்தாளி. பட்டணத்துப் பிள்ளை, வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து. பெரியவர்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் செய்பவர்; வீட்டில் கண்டிப்பாக வளர்த்திருக்கிறார்கள். அவர் பழத்தோடு போய்க் குனிந்து பார்த்தார். பழம் வைக்க வேண்டிய இடத்தில் கல் இருந்தது. ஆகவே கல்லை எடுத்து, ஓரமாக, அழகாக வைத்துவிட்டு, பழத்தை வைத்தார். இரண்டு பக்கமும்.

நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். சப்பென்று சத்தம் கேட்டது. "ஆஹா, நல்லா நசுங்கிச்சு" என்று வடிவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கண்ணைத் திறந்தேன். சம்பந்தி அவர்களே, என் ஐம்பத்து நான்கு வயதில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. கயிறு விண்ணென்று இழுத்துப் பிடிக்க, படகு நின்ற இடத்திலேயே நிற்க, டிரெய்லர் அதன் அடியிலிருந்து தானாக உருவிக்கொண்டு போக, படகு பூப்போலச் சாக்கின் மேல் உட்கார்ந்தது. மாலை கூடக் கலையவில்லை. கங்காணி ஆனந்தத்தில், "எறங்கிருச்சு! அம்மா எறங்கிட்டா!" என்று கத்தினார். எல்லோரும் படகைப் பார்த்துக் கைதட்டினோம். டிரெய்லரைப் பார்த்தவர் அந்தத் தம்பி ஒருவர்தான். "சார், வண்டி! சார், வண்டி!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

டிரெய்லர் போன வழியை மறைக்காமல் எழுதுகிறேன். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் தாங்கள் எண்ணெய் போட்டு எவ்வளவு நன்றாக வைத்திருந்தீர்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. கோயிலைத் தாண்டியது. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பிறட்டுக் களத்தைத் தாண்டியது. துரை பங்களா வாசலில் தோட்டக்காரர் துரையின் வண்டி என்று நினைத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். நல்லவேளை, உள்ளே திரும்பவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், "கிராணி வீட்டு வண்டி வருது, ஒதுங்குங்கடி" என்று கூடையோடு மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அம்மன் காப்பாற்றினாள். வழியில் சுப்பன் லேண்ட் ரோவரில் எதிரே வந்துகொண்டிருந்தான். "என்னை விட்டுட்டே போவுதே" என்று அவனுக்கு ரொம்ப மனவருத்தம். கடைசியில் டிரெய்லர் தேயிலை நிரைகளுக்கு நடுவே இறங்கி, லெம்பா பெர்த்தாம் பக்கம் சீன முதலாளி, தவுக்கே ஒருவரின் கோபீஸ் தோட்டத்தில், முட்டைக்கோஸ்களுக்கு நடுவே போய் நின்றது.

நாங்கள் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது தவுக்கே அதன் மேல் இரண்டு பலகையைப் போட்டுக் கோபீஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னுடையது என்றேன். மேலேயிருந்து வந்தது, அதனால் சாமி கொடுத்தது என்று மலாயில் சொல்லி, வானத்தைக் காட்டிக் கும்பிட்டார். எங்கள் வீடும் மேலேதான் இருக்கிறது என்று விளக்கி, அவர் நசுங்கிய கோபீஸைக் காட்ட, நான் வளைந்த அச்சைக் காட்ட, நாளை பேசலாம் என்று முடிந்தது. ஆம், அச்சு கொஞ்சம் வளைந்திருக்கிறது. ஒரு சக்கரம் தெற்கே ரிங்லெட்டைப் பார்க்கிறது, ஒரு சக்கரம் வடக்கே கம்போங் ராஜாவைப் பார்க்கிறது. சனிக்கிழமை லோரியை அனுப்ப வேண்டாம்.

இதில் முழுத் தவறும் என்னுடையது. சொல்லிவைக்க வேண்டியவன் நான். அந்தத் தம்பியைத் தாங்கள் மனத்தால்கூடக் கோபித்துக்கொள்ளக் கூடாது. வீடு மாறும் நேரத்தில் தங்களைச் சிரமப்படுத்திவிட்டேன். ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்கிறேன், வேண்டுமானால் நேரில் வந்தும் கேட்கிறேன். நேற்று ராத்திரி தாமரை சாப்பிடவில்லை. "அப்பா, இதுக்காக அவங்க வேணாம்னு சொல்லிருவாங்களா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். தோட்டத்துக் கணக்கில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவன், இதற்கு எழுந்து வாசலுக்குப் போய்ப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாங்கள் எடை போடும் மனிதர். போடுங்கள். ஆனால் எடைத் தட்டில் என்னை வையுங்கள், என் பெண்ணை வைக்காதீர்கள்.

தங்கள் இல்லத்தரசியார்க்கு வடிவம்மாளின் வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. அம்மன் அருளால் தங்கள் புதுவீட்டில் எல்லாச் செல்வமும் தங்கி நிற்கட்டும், எதுவும் உருண்டு ஓடாமல்.

இப்படிக்குத் தங்கள் பதிலுக்குப் பயந்து காத்திருக்கும்,
சாம்பசிவம்

பி.கு.: கல்லை எடுத்த தம்பியின் பெயரைச் சொல்ல விட்டுப்போயிற்று. தங்கள் மூத்த மகன், எங்கள் மாப்பிள்ளை கனகராஜ்தான். ஈப்போவில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு என்று தங்களிடம் சொல்லிவிட்டு வந்தவர், டிரெய்லரைப் பிடிக்க ஓடிச் சறுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டு, பெண் வீட்டில் தங்கக் கூடாதென்பதால் சின்னையா கங்காணி வீட்டில் படுத்திருக்கிறார். "அப்பாகிட்ட எம் பேரப் போடாதீங்க மாமா" என்று கெஞ்சினார். நானும் கடிதம் முழுக்கப் போடாமல்தான் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். பிறகு தாமரை பசியோடு தூங்கும் முகத்தைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஆகவே மேலே கேட்ட ஆயிரம் மன்னிப்பையும் இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தாங்கள் ஒப்படைத்த படகில் ஒரு கீறல் இல்லை. ஒப்படைக்காத பிள்ளையின் முழங்காலில்தான் இரண்டு கீறல். ஆவணியில் எந்த முகூர்த்தம் என்று உடனே எழுதவும்.