அமரவிளை ஜங்ஷனில் நான் படுத்திருந்த நாள்

கூச்சத்தை நல்ல குணம் என்று நினைக்கிறவர்கள் என்னோடு ஒரு நாள் பஸ்ஸில் வர வேண்டும். ‘ஆள் இறங்கணும்’ என்று சொல்ல வாய் வராமல், அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூட இறங்கித் திரும்பி நடப்பேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். (ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஒரு காரணம்.)

இது சிரிக்கிற விஷயமாக இருந்தது, எங்கள் அம்மா இறக்கும் வரை. அன்றைக்கு அண்ணன் வளைகுடாவில் இருந்தார். போன் என் கைக்குத்தான் வந்தது. “நாளைக்குக் காலத்த வந்து சேருவேன். நான் வாறது வர எடுக்கப்படாது, போதகர்ட்ட சொல்லு” என்றார். சொல்ல வேண்டியது ஒரே வரி. சபை மூப்பர்கள் முற்றத்தில் உட்கார்ந்து, யாராவது வர வேண்டியது உண்டா என்று பொதுவாகக் கேட்டார்கள். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சாயங்காலமே அடக்கம் முடிந்தது. மறுநாள் காலையில் அண்ணன் பெட்டியோடு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஈர மண்ணைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்கு வராமலே பூவாரில் இருக்கும் அண்ணியின் வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு பதினோரு வருடம் என்னோடு பேச்சில்லை.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் கேட்டது ஒன்றுதான். பெரியப்பா வந்து கோயிலில் முன்பெஞ்சில் இருக்க வேண்டும். என் மனைவி லில்லி, தான் போய் அழைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாயைத் திறக்காமல் கெடுத்தவன்தான் வாயைத் திறந்து சரியாக்க வேண்டுமாம். நியாயம்தான். வளைகுடாவை விட்டு வந்த அண்ணன் அப்போது பூவாரிலேயே வீடு கட்டி இருந்தார். நான் இரண்டு தடவை அங்கே போனேன். இரண்டு தடவையும் அண்ணன் வீட்டுக்கு எதிர்ச் சாயாக்கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி என்னைப் படம் எடுத்தது.

அமரவிளைக்குப் பக்கத்தில் ஒரு மெத்தைக் கம்பெனியில் எனக்கு வேலை. கொச்சியில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளிக்குப் பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. நுரை மெத்தையை நிறுத்தினார். தேங்காய் நாரும் ரப்பர் பாலும் மட்டும் போதும் என்றார். பிளாஸ்டிக் உறை போயிற்று. பழைய மெத்தையைக் கொண்டு வந்தால் புதியதில் விலை குறைப்பு. வந்த பழையதைக் கிழித்து, பஞ்சு, நார், கம்பி என்று பிரிக்கிற வேலை என்னுடையது. மக்கிய நார் வாழைத் தோட்டத்துக்குப் போகும். எனக்குப் பிடித்த வேலை. மெத்தை நம்மிடம் எதுவும் கேட்காது.

பிறகு விளம்பரத்துக்கு பிளக்ஸ் போர்டும் வேண்டாம் என்றார் சின்ன முதலாளி. வெட்டி மிச்சமான வெளுக்காத பருத்தித் துணியிலேயே அச்சடிக்கலாம், செடியிலிருந்து எடுக்கிற மை கிடைக்கிறது, மண்ணில் விழுந்தாலும் கெடுதல் இல்லை. அந்த மை கருப்பு நிறத்தில் மட்டும்தான் உண்டு. துணியில் நடிகை படம் வேண்டாம், மெத்தை செய்கிற தொழிலாளியின் படம், பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கட்டும், அதுதான் நேர்மை என்றார். முதல் படத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

புது மெத்தையில் என்னைப் படுக்க வைத்து, நெஞ்சு வரை வெள்ளை விரிப்பைப் போர்த்தினார்கள். கேமராவைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கையை என்ன செய்வது என்று தெரியாமல் நெஞ்சின்மேல் கோத்து வைத்தேன். படம் எடுத்த பையன் நல்ல இயல்பாக இருக்கிறது என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் துணியை அமரவிளை ஜங்ஷனில் கட்டினார்கள். ராத்திரி மழை. மண்ணுக்குக் கெடுதல் செய்யாத அந்த மை, விடிவதற்குள் மண்ணுக்கே போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடியில் சின்ன எழுத்தில் இருந்த கம்பெனி பெயரும் மெத்தை சமாசாரமும் கரைந்து போயின. பெரிய எழுத்து மட்டும் நின்றது. கண் மூடிப் படுத்த என் படம், கீழே ‘வேதமணி (51), அதியன்னூர்’. நம் ஊரில் ஜங்ஷனில் இப்படிப் படம் கட்டுவது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை எனக்கு லீவு. லில்லியும் மகளும் கல்யாணத் துணி தைக்கக் கொடுக்க பாறசாலைக்குப் போயிருந்தார்கள். நான் கதவைப் பூட்டிச் சாவியை ஓட்டில் செருகிவிட்டு, முற்றத்து ஓரக் குளியலறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு முற்றத்தில் ஆள் பேச்சு கேட்டது.

வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து, உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தங்கையன் தார்ப்பாய் கட்ட ஏற்பாடு செய்தார். நாற்காலிகள் வந்தன. போதகரின் குரலும் கேட்டது. என் இடுப்பில் ஈரத் தோர்த்துத் துண்டு ஒன்றுதான். பெண்களும் இருக்கிற கூட்டத்தில் எப்படி வெளியே வருவது? கொஞ்சம் ஆள் குறையட்டும் என்று நின்றேன். கூடிக்கொண்டே போனது. அரை மணி நேரம் ஆனபிறகு, இவ்வளவு பாடுபட்டவர்கள் முன்னால் உயிரோடு போய் நிற்பதே மரியாதைக் குறைவாகத் தோன்றியது.

என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல அவர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

“நல்ல மனுஷனாக்கும்” என்றார் ஒருவர்.

“ஓ” என்றார் தங்கையன். தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினார். பிறகு அவரே, “ஒரு ஒச்சயும் கேக்காது. செத்ததும் அப்படித்தானே” என்றார்.

ஐம்பத்தொரு வருடத்துக்கு அவ்வளவுதான்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓடி வரும் செருப்புச் சத்தம். பதினோரு வருடம் கேட்காத குரல் என்றாலும் எனக்குத் தெரிந்தது. அண்ணன் யாரையும் கும்பிடவில்லை, எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை.

“எடுத்தாச்சா?” என்றார். மூச்சு வாங்கியது. “நான் வாறதுக்கு மின்ன இவனயும் எடுத்திட்டியளா?”

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை குரல் உடைந்தது. அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. குளியலறைக்குள்ளிருந்து சொன்னேன்:

“இன்னும் எடுக்கல்ல, அண்ணா.”

நாற்காலிகள் விழுந்தன. போதகர் தார்ப்பாய்க் கயிற்றில் தடுக்கி வாழைக்குள் விழுந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கதவைத் திறந்தபோது முற்றத்தில் அண்ணன் மட்டும்தான் நின்றார். கையில் மலர் வளையம். என் பக்கத்தில் வந்து, சோப்பு காய்ந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதே கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

“எலே, இந்த நாக்கு அன்னைக்கு எங்கலே போச்சு?”

கல்யாணத்துக்கு அழைக்க அதைவிட நல்ல சமயம் ஒருவனுக்கு வாய்க்காது. சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரை வந்தது. அண்ணன் ஆட்டோவில் ஏறும் வரை வாய் திறந்தபடியே நின்றேன். கடைசியில் வந்தது, “மழ வருமாக்கும்” என்பதுதான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தன்னை வரவழைக்க நான்தான் வேண்டுமென்றே படம் கட்டினேன் என்று அண்ணன் யாரிடமோ சொன்னாராம். லில்லி வீம்பை விட்டுவிட்டு அழைப்பிதழோடு போனாள். வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் கல்யாணத்துக்கு வரவில்லை. முன்பெஞ்சில் அவருக்கென்று விட்ட இடத்தில் யாரும் உட்காராமல் மகள் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் இப்போது எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறவர்களை மட்டும்தான் படம் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது குளிக்கப் போய் நேரமானால், வெளியே நின்று “எடுத்தாச்சா?” என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர் “இன்னும் எடுக்கல்ல” என்று சொல்லியாக வேண்டும். மருமகனும் வந்த வாரத்திலேயே அதைப் படித்துக்கொண்டான்.

கல்யாணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமிருந்து போன் வந்தது. “உண்டா?” என்றார், ஆள் உயிரோடு இருக்கிறாயா என்று. “உண்டு” என்றேன். வைத்துவிட்டார். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் ஆராதனை முடிந்த நேரத்தில் போன் வரும். அதே கேள்வி, அதே பதில். சேர்த்துச் சொல்ல ஒரு வரியை நான் சனிக்கிழமையே யோசித்து வைப்பேன். அதைச் சொல்வதற்குள் அவர் வைத்திருப்பார்.

போன மாதம் மட்டும் முந்திக்கொண்டேன். “உண்டு அண்ணா, பேரன் பெறந்திருக்கு” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

இந்தத் தடவை அண்ணன் உடனே வைக்கவில்லை.

“கூப்பாடு போட்டு அழுவானா?”

“அழுவான்.”

“அப்ப கொள்ளாம், நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.