காது டாக்டரும் நாலு பிஸ்டன் பிரேக்கும்

"சார், என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க. எங்கே ரேஸ் ஓட்டுறீங்க?"

மெக்கானிக்கின் உள்ளங்கையில் ஒரு பிரேக் பேட் இருந்தது. இருந்தது என்று சொல்வதே அதிகம். தேய்ந்து தேய்ந்து சோப்பின் கடைசிச் சில்லு போல ஆகியிருந்தது. பக்கத்தில் கழற்றி வைத்திருந்த, பேட் கவ்விப் பிடிக்கும் இரும்பு டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது.

காது டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் நிஜத்தில் டாக்டர் இல்லை. கடைத்தெருவில் ஒரு கிளினிக்கில் காது கேட்கிறதா என்று சோதித்து, கேட்காதவர்களுக்கு மெஷின் பொருத்துபவர். காதைத் தொடுகிறவரெல்லாம் டாக்டர்தான் என்று தெரு முடிவு செய்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை.

"ரேஸா? நானா?"

"அப்புறம் இந்த நீலம் எப்படி வந்துச்சு? டிஸ்க் நெருப்பாக் கொதிச்சாதான் சார் இப்படி ஆகும். வீட்டுக்கும் வேலைக்கும் ஓட்டுற வண்டியில இதை நான் பார்த்ததே இல்லை."

காது டாக்டருக்கும் புரியவில்லை. அவருடைய கார் உருவத்தில் எலி, உறுமலில் புலி. கடைக்காரன் அதைச் சொல்லித்தான் விற்றான். வாங்கிய நாளிலிருந்து அவர் அதை எலியாகவே ஓட்டிவந்தார். பச்சை விளக்கு எரிந்தாலும், எந்த நேரமும் மஞ்சளாகிவிடலாம் என்று தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். சைக்கிளில் முந்துகிறவர்கள் திரும்பிப் பார்த்து, பாவம், உடம்புக்கு என்னவோ என்று முகம் வாடுவதுண்டு. பிரேக் பெடல் கொஞ்சம் மெத்தென்று உள்ளே போகிறதே என்றுதான் இங்கே வந்திருந்தார்.

"நான் வெறும் எலிங்க" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மெக்கானிக்கின் கண்ணில் மரியாதை தளும்பியது. இந்த வயதுவரை அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மனைவிகூட.

"ரேஸ்னு எல்லாம் சொல்ல முடியாது," என்றார் குரலைத் தாழ்த்தி. "ஏதோ, வளைவு வந்தா கொஞ்சம் ரசிச்சுத் திருப்புவேன்."

"அப்படிச் சொல்லுங்க!" மெக்கானிக் தொடையில் தட்டிக்கொண்டு உள்ளே ஓடி, இரண்டு டப்பாக்களோடு வந்தார். "இது ஊருக்குள்ள ஓட்டுறவங்களுக்கு. சத்தம் போடாது, காலையில முதல் மிதியிலயே பிடிக்கும். இது ரேஸ் பேட். சூடேறினாத்தான் பிடிக்கும். ஆனா சூடேறிடுச்சுன்னா..." மேற்கொண்டு பேச முடியாமல் கண்ணை மூடிக்கொண்டார். "உங்களுக்கு எது சார்?"

காது டாக்டரின் கை முதல் டப்பாவைத் தொட்டது. வாய் மட்டும் "ரேஸ் பேடே போட்டுடுங்க" என்றது.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கணக்கு டீச்சர்.

"ஏங்க, நீங்க ஓட்டுற வேகத்துக்குக் கதவைத் திறந்து காலை ஊனினாலே வண்டி நின்னுடுமே! எதுக்கு ரேஸ் பிரேக்?"

எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. தபால் ஆபீஸில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, அவர்களோடு வந்து தங்கியிருந்த மாமியார் பேப்பரை மடித்து வைத்தார்.

"விடுடி. மாப்பிள்ளை செஞ்சது ரொம்பச் சரி. எதுல வேணா சிக்கனம் பார்க்கலாம், பிரேக்கில பார்க்கக்கூடாது. உயிர் விஷயம்."

காது டாக்டருக்கு நெஞ்சு நிறைந்தது. ஊரில் எத்தனை மாமியார்கள் மருமகனின் உயிரைப் பற்றி நினைக்கிறார்கள்!

மறுநாள் காலை தெருமுனையில் அவர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. யோசித்தது. "யாரோ மிதிக்கிறாங்க போலிருக்கே" என்று நிதானமாக உணர்ந்து, அடுத்த வீட்டுக்காரரின் பூந்தொட்டியை முத்தமிட்டபின் நின்றது. நிற்கும்போது ஒரு சத்தம் போட்டது பாருங்கள், ஆயிரம் சிலேட்டை ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் நகத்தால் கீறியது போல! நாய்கள் குரைத்தன. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் துணியை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒரே வாரத்தில் அவர் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்பது ஊருக்கே தெரிந்துபோனது. கிளினிக்கில் ஒரு பெரியவர் புது மெஷினைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மெஷின் பிரமாதம் டாக்டர். நீங்க பாலத்துக்கிட்ட வரும்போதே எனக்கு வீட்டுல கேக்குது."

"மெஷின் இல்லாம?"

"இல்லாமலும் கேக்குது. அதான் திருப்பிக் குடுத்துடலாம்னு வந்தேன்."

கிளினிக்கின் முதலாளியம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முறைத்தது மட்டும் கேட்டது.

அந்தச் சனிக்கிழமை மாமியார் வழக்கம்போல் காரை எடுத்துக்கொண்டு முழங்கால் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, முகம் பளபளக்கத் திரும்பி வந்தார்.

"மாப்பிள்ளை! பிரேக் என்னமா பிடிக்குது! கல்லு மாதிரி நிக்குது வண்டி."

"எனக்கு மட்டும் பிடிக்கவே மாட்டேங்குதே அத்தை?"

"எதுவுமே சூடேறினாத்தான் பிடிக்கும் மாப்பிள்ளை."

அனுபவம் பேசுகிறது என்று காது டாக்டர் நினைத்துக்கொண்டார். அதை அவர் வாழ்க்கைத் தத்துவமாகவே எடுத்துக்கொண்டார்.

"ஆனா டிஸ்க் சின்னது," என்று மாமியார் தொடர்ந்தார். "பெரிய டிஸ்க்காப் போட்டுடுங்க. பேடை அமுக்குற கேலிப்பர் நாலு பிஸ்டன் வெச்சதாவே கிடைக்குதாம். பேப்பர்ல பார்த்தேன்."

"எந்தப் பேப்பர்ல?" என்றாள் மனைவி.

"ஏதோ ஒரு பேப்பர்ல."

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கியது. "நாலு பிஸ்டன்! கேக்குறதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆள் இருக்காரே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய டிஸ்க் வந்தது. அது பழைய சக்கரத்துக்குள் நுழையவில்லை. பெரிய சக்கரம் வந்தது. பெரிய சக்கரத்துக்கு மெல்லிய டயர்தான் பொருந்தியது. அதன்பின் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு சின்னக் கல்லையும் காது டாக்டரின் இடுப்பு தனித்தனியாக விசாரித்தது. எலிக்குப் புலியின் கால்களை ஒட்டவைத்தது போல நின்றது கார்.

ஆனால் நாலு பிஸ்டன் அமுக்கியதில் இப்போது சூடேறாமலே பிரேக் பிடித்தது. பிடித்த பிடியில் உள்ளே இருப்பவர் வெளியே போகும்படிப் பிடித்தது.

வியாழக்கிழமை முதலாளியம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் காது பற்றிப் பேசுவதற்காகக் காது டாக்டரின் காரில் ஏறினார். மாணவர்களுக்குக் காட்ட பெரிய அட்டைப்பெட்டி நிறைய பிளாஸ்டிக் காதுகள் பின்சீட்டில். சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்தது. காது டாக்டர் வழக்கப்படி, எதற்கும் இருக்கட்டும் என்று, பெடலில் கால் வைத்தார். வைத்ததுதான்.

கார் அறைந்த ஆணி போல நின்றது. முதலாளியம்மாளின் மூக்குக்கண்ணாடி பறந்து முன்கண்ணாடியில் மோதியது. பெட்டி பிளந்து, காதுகள் எல்லாத் திசையிலும் எகிறி, திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சாலையில் உருண்டன. போக்குவரத்து நின்றது. நடுச்சாலையில் காது டாக்டர் மண்டியிட்டுக் காது பொறுக்கினார்.

"சார், இந்தாங்க, உங்க காது," என்று ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து நீட்டினார். "இது இடதுபக்கம்னு நினைக்கிறேன்."

முதலாளியம்மாள் மிச்ச தூரத்தை நடந்தே போனார்.

அன்று மாலை மனைவி தீர்ப்பு வழங்கினாள். "திங்கக்கிழமைக்குள்ள இந்த வண்டி சத்தம் போடாம, ஆளைத் தூக்கி எறியாம, மனுஷங்க வண்டி மாதிரி நிக்கணும். இல்லேன்னா வித்துட்டு பஸ்ல போங்க. அதுவரைக்கும் யாரும் வண்டியைத் தொடக்கூடாது."

"சனிக்கிழமை என் வகுப்பு?" என்றார் மாமியார். குரல் உடைந்திருந்தது.

"முழங்காலுக்குத்தானே? நடந்து போம்மா. நல்லது."

காரை விற்கக் காது டாக்டருக்கு மனம் வரவில்லை. எலியாக ஓட்டினாலும் அவருடைய புலி அல்லவா? மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் புலம்பினார்.

"இவ்வளவுதானே சார்! புது டிஸ்க்கும் பேடும் ஒண்ணோட ஒண்ணு இன்னும் பழகலை. நல்ல வேகத்துல போய் அழுத்தி அழுத்திப் பிடிச்சா எல்லாம் சரியாயிடும். ரோட்டுல முடியாது. ஊருக்கு வெளியே பந்தயத் திடல் இருக்கே, சனி ஞாயிறுல யார் வேணாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை வாங்க. நான் கடையைப் பூட்டிட்டு முன்னாடியே போய் நிக்கிறேன். நீங்க ஓட்டுறதை என் கண்ணால பார்த்தே ஆகணும்!"

காது டாக்டர் போனை வைத்தார். வளைவை ரசிப்பதாகச் சொன்ன வாய் இப்போது வறண்டுபோயிருந்தது.

ஞாயிறு காலை மனைவி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். "நீங்க வேகமா ஓட்டுறதைப் பார்க்கிற பாக்கியம் இன்னொரு தடவை கிடைக்குமா?"

மாமியார் மட்டும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. "எனக்குத் தலைவலி. நீங்க போயிட்டு வாங்க."

"தனியா உக்காந்து என்னம்மா பண்ணப்போறே? காத்தாட வா."

"வெயில் ஒத்துக்காது."

"காருக்குள்ள ஏதும்மா வெயில்? ஏறு."

கடைசியில் மாமியார் தலையைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்சீட்டின் மூலையில் ஒடுங்கினார். பாவம், மருமகன் உயிரை நினைத்துத்தான் அத்தை கலங்குகிறார் என்று காது டாக்டர் உருகினார்.

"பயப்படாதீங்க அத்தை. மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"அதான் தெரியுமே," என்றார் மாமியார் ஈனக்குரலில்.

திடல் தெரிந்தது. உள்ளே கார்கள் சீறிக்கொண்டு சுற்றின. டயர் கருகும் வாசனை. கம்பி வேலிக்கு அப்பால் மெக்கானிக் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். தன் நண்பர்கள் நாலைந்து பேரையும் கூட்டிவந்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

காது டாக்டர் காரின் வேகத்தை இன்னும் குறைத்தார். எல்லாம் முடிந்தது. இன்னும் சற்று நேரத்தில் சைக்கிள் வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மரியாதை மொத்தத்தையும் கப்பலேற்றிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

"உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்றார் மனைவியிடம் மெதுவாக. "நான் ஒருநாளும் வேகமாப் போனதே இல்லை. அந்த டிஸ்க் எப்படி நீலமாச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மனைவி சிரித்தேவிட்டாள். "இதை நீங்க சொல்லணுமா? உங்களோட குடும்பம் நடத்துறவ நான்."

கார் வாசல் கம்பத்தருகே ஒரு கிரீச்சலோடு நின்றது. காவலாளி குனிந்து எட்டிப் பார்த்தார். காது டாக்டர் நுழைவுச் சீட்டு வாங்க ஜன்னல் வழியே கையை நீட்டினார். காவலாளி அந்தக் கையைக் கவனிக்கவே இல்லை. அவர் கண் பின்சீட்டுக்குப் போய், அங்கே நின்று, மலர்ந்தது. விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"அடடே, நம்ம அம்மாவா! நேத்து ஏன் வரலை? உங்க சுத்து வேகத்தை இன்னும் ஒருத்தனாலயும் தொட முடியலை... ஆமா, என்ன இன்னைக்கு, டிரைவர் வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க?"