கோவிந்தராசு கல்யாண நெகட்டிவ்

“மூக்குத்தி எடம் மாறிக் கெடக்குதுண்ணே,” என்றான் பிரபாகரன்.

ஸ்டுடியோக்காரர் ராஜ்மோகன் திரையை உற்றுப் பார்த்தார். புது ஸ்கேனரின் முதல் வேலை அது. உள்ளங்கை அகல நெகட்டிவை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் முனகிய இயந்திரம், மாப்பிள்ளையின் மீசையை முடிமுடியாகப் பிரித்துக் காட்டியிருந்தது. பக்கத்தில், நெற்றிச்சுட்டியும் பூச்சரமும் பாதி முகத்தை மறைத்த மணப்பெண். மூக்குத்தி இடப்பக்கம் மின்னியது.

“எங்கம்மாவுக்கு வலப்பக்கம். பொறந்ததுலேந்து பாக்குறேன்.”

மறுநாள் காலை பிரபாகரனின் அப்பா கோவிந்தராசுவுக்கு எண்பதாம் கல்யாணம். வீட்டில் கல்யாணப் படம் என்று ஒன்றுகூட இல்லை. அம்மா ஆதிலட்சுமிக்குத் தெரியாமல் ஆளுயரப் படம் ஒன்றை மேடையில் நிறுத்திவிட வேண்டும் என்று மகனுக்கு ஆசை. மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டிகள் ராஜ்மோகனிடம் இருந்தன. உறைகளின் மேல் அந்தக் காலத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெயர் மட்டும் எழுதியிருந்தது. ‘கோவிந்தராசு, செராமிக், கல்யாணம்.’ செராமிக் என்பது அப்பா வேலை பார்த்த பீங்கான் ஆலை. தேடியதும் கிடைத்துவிட்டது. அதுவரை எல்லாம் சுலபம்.

“பொரட்டிப் போட்டுட்டேன் போலக்குது,” என்று ராஜ்மோகன் வழிகாட்டிப் புத்தகத்தைத் திறந்தார். நெகட்டிவின் மூலையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்குமாம். அதை வைத்து எது முன்பக்கம் என்று கண்டுபிடிக்கலாமாம்.

“அது எலி கடிச்சதில்லியா?” என்றாள் அவர் மனைவி கனிமொழி. “நேரா வெட்டி வுடலாம்னு காலையில கத்திரிய எடுத்தேன்.”

ராஜ்மோகன் கத்திரியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

புத்தகப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. மூக்குத்திதான் புத்தகம் படித்திருக்கவில்லை.

“கம்ப்யூட்டர்லயே திருப்பிடலாம். ஒரு தட்டு.”

தட்டினார். மூக்குத்தி வலப்பக்கம் போனது.

“இதாண்ணே எங்கம்மா!” பிரபாகரன் கைதட்டினான். தட்டிய கை பாதியில் நின்றது. “அப்பாவோட மச்சம் எடது கன்னத்துலல்ல இருக்கும்?”

மச்சம் இப்போது வலது கன்னத்தில் இருந்தது.

மறுபடி தட்டினார். அப்பா சரியானார், அம்மா தப்பானாள். இன்னொரு தட்டு. அம்மா சரி, அப்பா தப்பு. தோளையெல்லாம் மாலை மறைத்திருந்ததால் முந்தானையை வைத்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

“புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சரியா இருந்ததா சரித்திரமே இல்ல,” என்றாள் கனிமொழி.

ராஜ்மோகன் சென்னைக்குப் போன் போட்டார். இயந்திரம் விற்றவர் பொறுமையாகக் கேட்டார். “ஒரே படத்துல ஒரு ஆளு நேரா, ஒரு ஆளு பொரண்டா? வாய்ப்பே இல்ல சார். கண்ணாடிய நல்லா தொடச்சிட்டு இன்னொரு தடவ ஸ்கேன் பண்ணிப் பாருங்க.”

துடைத்தார். எதிர்ச் சாரியில் பீங்கான் பொம்மைப் பட்டறை. துடைக்கத் துடைக்க வெள்ளைத் தூசி வந்து உட்கார்ந்தது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி ஸ்கேன் போட்டார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஜங்ஷனிலிருந்து ஒரு சரக்கு ரயில் கிளம்பி, மேசை மெல்ல அதிர்ந்தது.

படம் வந்தது. மாப்பிள்ளையின் கழுத்து கொக்கு மாதிரி நீண்டு நெளிந்திருந்தது. மூக்குத்தி, பழையபடி இடப்பக்கம்.

மூன்று பேரும் வேர்வை வழிய அதைப் பார்த்தபடி நின்றார்கள். அடுத்த ரயிலும் போயிற்று.

“பழைய ஸ்கேனையே எடுப்போம். அம்மாவ மட்டும் வெட்டித் திருப்பிடுறேன்,” என்றார் ராஜ்மோகன் கடைசியில்.

ஒரு மணி நேரம் வெட்டினார், ஒட்டினார். மூக்குத்தி வலப்பக்கம் வந்தது. மச்சம் இடப்பக்கமே இருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் பக்கம் சாய்ந்து நின்ற மணப்பெண், இப்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தாள்.

“தாலி கட்டுன அன்னைக்கே கோவிச்சிக்கிட்டு பஸ்ஸு ஏறப்போற மாதிரி இருக்குது,” என்றாள் கனிமொழி.

பிரபாகரனுக்கு இப்போது தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டான்.

“யம்மா, ஒனக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?”

“எதுக்குடா? அடகு வெக்கப் போறியா?”

“சும்மாதாம்மா.”

“எங்க இருக்குற நீ?”

“ராஜ்மோகன் அண்ணன் ஸ்டுடியோவுல…” என்று வாயை விட்டுவிட்டான். போன் வைக்கப்பட்டது.

கால் மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. ஆதிலட்சுமி வலப்பக்க மூக்குத்தியோடு இறங்கி உள்ளே வந்தாள். திரையை மறைக்கப் பாய்ந்த மகனை ஒரு கையால் ஒதுக்கினாள்.

“நாளைக்கு மேடையில வெக்கலாம்னு… ஒனக்குத் தெரியாம…” பிரபாகரன் மென்று விழுங்கினான். “இந்த மெஷினு சரியில்லம்மா. ஒன் மூக்க மாத்திடுச்சி.”

“நான் மெஷின திருப்பி அனுப்பிடுறேங்க,” என்றார் ராஜ்மோகன், தலை குனிந்து.

ஆதிலட்சுமி கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதலில் வந்த, வெட்டாத படத்தைக் காட்டச் சொன்னாள். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மெஷின ஏன் தம்பி திட்டுறீங்க, அது சரியாத்தான் எடுத்திருக்குது,” என்றாள். “இவங்க ஒங்கப்பாவோட மொத சம்சாரம்டா.”