மணி அடித்ததும் உட்கார்ந்தவள்

மேடைப் பேச்சாளர்களுக்கு நிறுத்தத் தெரியாது என்பது ஊர் சொல்லும் பழி. என்னைக் கவிழ்த்ததோ, எனக்கு நிறுத்தத் தெரிந்திருந்ததுதான்.

பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் நான் வெல்லாத சொற்போர் இல்லை (வாங்கிய கோப்பைகளில் பெரியதில் அம்மா உளுந்து கொட்டி வைத்திருக்கிறாள்). அந்தப் புகழே வேலையும் வாங்கித் தந்தது. பல நாடுகளில் சாலை போட்டு, சுங்கச்சாவடி வைத்து நடத்தும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தாமிரபரணிக் கரையோரம் நாற்கரச் சாலை அமைக்க வந்திருந்தது. மக்களிடம் பேசும் பிரிவில் எனக்குத் தற்காலிகப் பணி.

அந்தச் சாலை ஓர் ஊரை ஒரு பக்கமும், அதன் வாழைத் தோட்டங்களை மறுபக்கமுமாகப் பிரித்தது. சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வேண்டும் என்றது ஊர். மேம்பாலம் ஏறிச் சுற்றிப் போகலாமே என்றது நிறுவனம். ஊரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"கூட்டம் நல்லபடியா முடிஞ்சா ஒனக்கு வேலை நிரந்தரம். சுருக்கமாப் பேசு, என்னா?" என்றார் மேலாளர். (சுருக்கமாக! என்னிடமா சொல்கிறார்!)

உள்ளூர்ப் பள்ளியில் கூட்டம். தமிழே அறியாத வெளிநாட்டு இயக்குநர் நடுநாயகமாக வீற்றிருந்தார். நான் பழகிய மேடைக்கு இரண்டு விதிகள் உண்டு. எதிரணியின் வாதத்தை அவர்களைவிட அழகாக எடுத்துரைத்துவிட்டு, பிறகு நொறுக்க வேண்டும். இறுதி மணி அடித்தால், பாதிச் சொல்லில் நின்றாலும் உட்கார்ந்துவிட வேண்டும்.

முதல் விதிப்படி முழங்கினேன்: "வாழைத்தார் சுமந்த தோள் மேம்பாலம் ஏறுமா? கூப்பிடு தூரத்துத் தோட்டத்திற்கு ஊரைச் சுற்றிப் போவது என்ன நியாயம்? நிலத்தைக் கொடுத்தவர் நடக்க வழி கேட்டால் அது பேராசையா?"

கூட்டம் எழுந்து நின்றது. என்னுடைய 'ஆனால்' நாவின் நுனிக்கு வந்துவிட்டது. அந்த நொடியில் பள்ளியின் மதிய உணவு மணி கணீரென்று அடித்தது.

"நன்றி, வணக்கம்" என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

மேலாளர் என் காதருகே குனிந்தார். "ஏ பிள்ளே, நம்ம பக்கம் எப்பம்மா பேசப் போறே?"

"மணி அடிச்சிருச்சு, சார்."

விசில் பறந்தது. எல்லாரையும்விட ஓங்கிக் கை தட்டியவர் இயக்குநர்தான். தம் நிறுவனம் வென்றுவிட்டதாக அவருக்கு ஆனந்தம். வாழை விவசாயி ஒருவர் மேடையேறி அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"பாதை போட்டுத் தாரீகளா, ஐயா?"

இயக்குநர் மலர்ந்து தலையாட்டினார்.

"தொரை சரின்னுட்டாரு வே! எல்லாரும் பாத்துக்கிடுங்க!"

பாராதவர்களுக்கும் அன்று மாலைக்குள் கைப்பேசியில் காணொளி போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தால் பின்வாங்க முடியவில்லை. சுரங்கப்பாதை நிரந்தரமானது, என் வேலைதான் நிரந்தரமாகவில்லை. (அவ்வழியே போகும்போதெல்லாம் அந்த ஊரார் எனக்கு ஒரு சீப்புப் பழம் தராமல் விட்டதில்லை.)

வீட்டிலோ, நான் வாதத்திற்கு எழுந்தாலே அம்மா பூசை மணியை எடுத்துவிடுகிறாள். சென்ற மாதம் திசையன்விளையிலிருந்து ஒரு வரன் வந்தது. மறுக்கத்தான் எழுந்தேன். முறைப்படி மாப்பிள்ளையின் சிறப்புகளை முதலில் அடுக்கினேன்: படிப்பு, பண்பு, என் பேச்சை நடுவில் வெட்டாத பொறுமை. 'ஆனால்' என்று வாயெடுப்பதற்குள் மணி ஒலித்தது.

"ஏட்டி, மணி அடிச்சாச்சு. உக்காரு" என்றாள் அம்மா.

தை மாதம் நிச்சயதார்த்தம். (அந்த 'ஆனால்' என்னவென்று இப்போது எனக்கே நினைவில்லை.)