குதிரைக்குச் சொன்ன ஆறுதல்

குதிரைக்குத் தமிழ் விளங்கும் என்று நான் ஒரு காலைப்பொழுது முழுவதும் நம்பியிருக்கிறேன். பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் பெற்ற பிறகு நடந்த சங்கதி இது. (பட்டம் பெறாதவர்கள் யாரும் இப்படி நம்பியதாக நான் கேள்விப்படவில்லை.)

எழுபதுகளின் நடுப்பகுதி. மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே இருந்தவர் ஒரு பெண் விரிவுரையாளர். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. இதயம் துடிக்கும்போதெல்லாம் உடம்பில் சின்னதாக ஒரு மின்சாரம் எழும்புகிறது. உடம்பு அசைந்தால் தசைகளும் தங்கள் பங்குக்கு மின்சாரம் எழுப்பி இரைச்சல் போடும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து இதயத்தின் துடிப்பை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி என்பதுதான் மிஸ்ஸின் ஆராய்ச்சி. அதற்காக எலி, ஆடு, மாடு என்று அகப்பட்ட உயிர்களின் இதயத்தையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தார். குதிரை மட்டும் கிடைக்கவில்லை. பந்தயக் குதிரை வைத்திருந்த பெரியவர்கள் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

“குதிரைக்கு ஏன் மிஸ் கவலைப்படுறியள்? எங்கட நெடுந்தீவில சும்மா திரியுது.”

‘எங்கட’ என்று நான் சொன்னது கொஞ்சம் அதிகம். என்னுடைய ஊர் ஊர்காவற்றுறை. நெடுந்தீவுக் குதிரைகளைத் தூரத்தில் நின்று இரண்டொரு தடவை பார்த்ததுதான். ஆனால் மூத்த அக்கா பிலோமினா அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த உரிமையில் தீவையும் குதிரைகளையும் சேர்த்துச் சீதனமாக எழுதிக்கொண்டேன்.

மிஸ் தன் பதிவுக் கருவியை என் கையில் தந்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவில் தோற்பைக்குள் இருக்கும், தோளில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே நாடா ஓடும். மேலே ஒரு சின்ன ஊசி ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளும். அவர் சீமையில் படித்த காலத்தில் தன் கையாலேயே செய்தது. அதற்கு இன்னொன்று கிடையாது. அது போனால் ஆராய்ச்சியும் போகும், என் வேலையும் போகும்.

“இதில ரெண்டு வயர் இருக்கு. கட்டையானது உமக்கு, நீட்டானது மிருகத்துக்கு. முதல்ல கட்டை வயரை உம்மட நெஞ்சில கட்டிப் பாரும். ஊசி துள்ளினால் மெசின் சரி. பிறகு அதைக் கழட்டிப்போட்டு நீட்டு வயரைச் செருகும். விளங்குதோ?”

“ஓம் மிஸ்” என்றேன், பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதை எனக்குச் சொல்கிறாரே என்ற மனத்தாங்கலோடு.

குறிகட்டுவான் துறையில் லாஞ்ச் ஏறி, அலை தெறிக்கும்போதெல்லாம் கருவியை மடியில் பிள்ளை மாதிரிப் பொத்திக்கொண்டு நெடுந்தீவு போய்ச் சேர்ந்தேன். அக்காவின் புருஷன் சவிரி அத்தான் இறங்குதுறையில் நின்றார். அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அத்தானின் அபிப்பிராயம்.

“குதிரையோ? இவ்வளவுதானே! எங்கட தொட்டியடிக்கு ஒரு வெள்ளைக்காலி தண்ணி குடிக்க வாறவள். என்ர சொல்லுக்கு அங்கால இங்கால அசையாள்.”

“உங்கட சொல்லை நாய் கேக்காது” என்று குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. அதற்குள் நாங்கள் வீட்டுக்கு வந்திருந்தோம். அத்தான் கதையை வழியெல்லாம் நிறுத்தவில்லை.

கோடைகாலம். தீவில் தண்ணீர் அருமை. அத்தான் கிணற்றடியில் கல்லால் கட்டிய தொட்டியை நிரப்பி வைப்பார். அடுத்த நாள் காலையில் தொட்டியடியில் நின்று, மிஸ் சொன்னபடியே சேட்டுப் பொத்தான்களைத் திறந்து, உப்புத்தண்ணீரில் நனைத்த தகடுகளை நெஞ்சில் வைத்துப் பட்டியை இறுக்கினேன். கட்டை வயரைச் செருகினேன். ஊசி துள்ளியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“வந்திட்டாள், வந்திட்டாள்!” என்றார் அத்தான்.

வெள்ளைக்காலி கல்வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தது. நான் அவசரமாகச் சேட்டுப் பொத்தான்களைப் பூட்டினேன். தூரத்தில் அது கழுதையளவாகத் தெரிந்தது. கிட்ட வரவர அதற்குப் பல் முளைத்தது. அத்தான் தவிட்டைக் காட்டிக் கழுத்தில் கயிற்றைப் போட்டார். நான் அதன் வயிற்றைச் சுற்றிப் பட்டியைக் கட்டி, நீட்டு வயரின் மறுமுனையைச் செருகிவிட்டுப் பின்னால் வந்து நின்றேன். ஊசி துள்ளிக்கொண்டிருந்தது! நாடாவை ஓடவிட்டேன்.

ஆனால் துள்ளல் மிகவும் வேகமாக இருந்தது. ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் மனிதனுடையதைவிட மெதுவாக அடிக்க வேண்டும். அது எனக்குத் தெரியும்.

“அத்தான், இது சரியாப் பயந்துபோய் நிக்குது.”

“தண்ணி குடிச்சுக்கொண்டெல்லோ நிக்குது?”

“வெளியில காட்டேல்லை. உள்ளுக்குப் பயம். மெசின் பொய் சொல்லாது.”

பயந்த சீவனைத் தேற்ற வேண்டியது என் கடமை என்று பட்டது. கொஞ்சம் கிட்டப் போனேன். “ஒண்டுமில்லை அம்மா, பயப்பிடாதை. ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம். ஆறுதலா மூச்சை இழுத்து விடு” என்று குழைந்து குழைந்து சொன்னேன். சொல்லச் சொல்ல ஊசி நிதானத்துக்கு வந்தது.

“பாத்தியளே அத்தான்! கேக்குது!”

“நான் சொன்னனான்தானே, அவளுக்கு எல்லாம் விளங்கும்” என்றார் அத்தான், ஏதோ தானே தமிழ் படிப்பித்தவர் போல.

வெள்ளைக்காலி தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தது. ஊசி படபடவென்று அடித்தது. “என்னைப் பாக்கப் பயப்பிடுது” என்று இரங்கினேன். மறுபடியும் ஆறுதல் சொன்னேன். மறுபடியும் ஊசி தணிந்தது. அக்கா வாளியோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். அத்தானுக்குத்தான் பெருமிதம் பொங்கிவிட்டது. “என்ர தங்கக்கட்டி!” என்று வெள்ளைக்காலியின் பின்புறத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஏலாது. கயிறு அத்தானின் கையை உரித்துக்கொண்டு போனது. தவிட்டுக் கடகப்பெட்டி ஆகாயத்தில் போனது. வெள்ளைக்காலி வயிற்றில் பட்டியும் பின்னால் இழுபடும் நீட்டு வயருமாகத் தெற்குப் பக்கத்து வெளியை நோக்கிப் பறந்தது. வயர் பிடுங்கிய வேகத்தில் கருவியின் உள்ளெல்லாம் வெளியே வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே பின்னால் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை தெரியாது. குதிரையைப் பிடிப்பதற்கு என்றால் அதை நானே நம்பமாட்டேன். கல்லில் கால் தடக்கி விழுந்தேன். விழும்போது கருவி நிலத்தில் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். முழங்கால்கள் இரண்டும் அதற்கு வரி கட்டின.

கண்ணைத் திறந்து பார்த்தேன். கருவியில் ஒரு கீறல்கூட இல்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது. ஊசியோ பேய் பிடித்தது போல் துள்ளிக்கொண்டிருந்தது.

குதிரை அப்போது பனைகளுக்கு அப்பால் ஒரு புள்ளி.

“அத்தான்!” என்று கத்தினேன். “வயர் இல்லாமலே வருது! அங்க ஓடுறதின்ர இதயம் இஞ்ச அடிக்குது!”

“ரேடியோ மாதிரியோ?” என்று அத்தான் கையை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். நாங்கள் இருவரும் அந்த ஊசியைப் பக்தியோடு குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம், மிகவும் கொஞ்ச நேரம், நான் உலகப் புகழ் பெற்றிருந்தேன்.

அக்கா ஆற அமர நடந்து வந்தாள். “தம்பி, உந்தப் பெட்டியில இருந்து ஒரு வயர் உன்ர சேட்டுக்குள்ள போகுது. அது என்னத்துக்கு?”

குனிந்து பார்த்தேன்.

கட்டை வயர். நெஞ்சில் கட்டியதைக் கழற்றவே இல்லை. அப்படியானால் நீட்டு வயரை எங்கே செருகினேன்? தோற்பையின் பக்கத்தில் இருந்த சின்னப் பொக்கற்றுக்குள்! குதிரை ஓடியபோது அது சட்டென்று உருவிக்கொண்டு போயிருக்கிறது. அதுவரை பயந்ததும், ஆறுதல் கேட்டதும், மூச்சை இழுத்து விட்டதும் எல்லாம் நான்தான்.

அக்கா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டாள். சிரிப்பில் அவளால் நிற்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகைக்குள்ளேயே மெல்ல ஒன்று உறைத்தது. நீட்டு வயரைச் சரியான இடத்தில் செருகியிருந்தால் கருவி என் தோளைவிட்டுப் பிடுங்குண்டு கல்லுக்கு மேலால் இழுபட்டுப் போயிருக்கும். இப்போது முழுசாக என் கையில் இருக்கிறது. கருவியை மடியில் வைத்துத் தடவினேன். ஊசி மெல்ல மெல்ல இறங்கி நிதானமாக அடிக்கத் தொடங்கியது.

பட்டியையும் வயரையும் பின்னேரம் ஒரு கல்வேலியில் கண்டெடுத்தோம். வெள்ளைக்காலி உரசிக் கழற்றிவிட்டுப் போயிருந்தது. அதன் பிறகு நான் அங்கு நின்ற நாட்களில் அது அத்தானின் தொட்டிப் பக்கமே வரவில்லை.

மிஸ்ஸிடம் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. நாடாவை மேசையில் வைத்துவிட்டு, “சின்னப் பிழை ஒண்டு நடந்துபோச்சு, மிஸ்” என்றேன். அவர் நாடாவை மேசையிலிருந்த வரைகருவியில் ஓடவிட்டார். பேனா காகிதத்தில் கோடு இழுக்கத் தொடங்கியது.

“குதிரையெண்டால் இந்த முதல் மேட்டில ரெண்டு கூம்பு தெரியும்” என்றார். “இதில ஒண்டுதான் இருக்கு. ஆரின்ர இதயம் இது?”

“என்ர, மிஸ்.”

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் முழுவதையும் ஒப்புவித்தேன். பேனா கீறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் அவர் விரலை வைத்தார். “இதில துடிப்பு வடிவாக் குறையுது. என்ன செய்தனீர்?”

“குதிரைக்கு ஆறுதல் சொன்னனான், மிஸ்.”

அந்த மனுஷி சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஓடுற மனுசனைப் பதிவு செய்ய எனக்கு ஒருத்தரும் கிடைக்கேல்லை. நிண்டது, பயந்தது, ஓடினது, விழுந்தது எல்லாம் ஒரே நாடாவில கிடக்கு. இந்த இரைச்சலுக்குள்ளயும் துடிப்பு நல்லாத் தெரியுது. மெசின் பத்திரம்தானே?”

“பத்திரம், மிஸ்.”

“அப்ப போய்ச் சாப்பிட்டிட்டு வாரும்.”

நான் வெளியே வந்து படியில் இருந்தேன். எழும்ப மனம் வரவில்லை. நெஞ்சு அவ்வளவு இலேசாக இருந்தது.

மிஸ் அந்தக் காகிதத்தை எறியவில்லை. புதிதாக வரும் மாணவர்களிடம் கொடுத்து, ‘இது எந்த மிருகம்? காரணம் கூறுக’ என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார். நான் விரிவுரையாளரான பிறகும், நான் வகுப்பில் இருக்கும்போதே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்பார். ஒரு வருடம் ஒரு மாணவி ‘கழுதை’ என்று எழுதியிருந்தாள். மிஸ் அந்த விடைக்குப் பாதிப் புள்ளி கொடுத்தார்.

இதை வீட்டில் சொல்லியிருக்கக்கூடாது. அக்கா இன்றைக்கும் விருந்தாட்கள் வந்தால் என்னை அறிமுகப்படுத்தும்போது, நான் என்ன படித்தேன் எங்கே வேலை செய்தேன் என்றெல்லாம் சொல்லுவதில்லை. “இவன்தான் பாதிப் புள்ளி” என்கிறாள்.