ஆரையம்பதி வீட்டுக்கு ஒரு பழங்கட்டில்

கல்லடி, மட்டக்களப்பு.
ஆவணி மாதம், புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் உதயரூபன் அவர்களுக்கு,

காலஞ்சென்ற தங்கள் தங்கை நேசமலரின் கணவன் கதிர்காமத்தம்பி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு மகள் தக்ஷாயினி, மருமகன், நான் யாவரும் சுகம். தாங்கள் சுகமாய் இருப்பதை மகளின் போனில் வந்த படத்தில் கண்டுகொண்டேன். ஒல்லாந்து தேசத்து மழைக்குள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். உடம்பு கொஞ்சம் வைத்திருக்கிறது, சந்தோஷம். நான் தங்களுக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் இரண்டாவது மணியிலேயே தொடர்பு அறுந்துபோகிறது. அது அங்குள்ள கம்பனியின் கோளாறு என்றே நம்ப விரும்புகிறேன். ஆகையால்தான் கடிதம்.

விஷயம் தங்களுக்குத் தெரியும். நான் ஆரையம்பதி கேதீஸ்வரி டீச்சரை மறுமணம் செய்யப்போவதைத் தக்ஷாயினி சொல்ல, தாங்கள், "இந்த வயசில அவனுக்கு என்ன கட்டில் சுகம் கேக்குது?" என்று கேட்டதாக அறிந்தேன். மச்சான், அதற்கு விளக்கம் தருவதே இந்தக் கடிதத்தின் நோக்கம். கட்டில் என்பது முற்றிலும் உண்மை. சுகம்தான் இன்னும் கிடைக்கவில்லை.

டீச்சரைச் சீனி வருத்தக் கிளினிக்கில் கண்டேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர். தாயைப் பார்த்துப் பார்த்தே கலியாணம் முடிக்காமல் இருந்துவிட்டவர், தாயும் போய்விட்டார். எங்கள் பக்கத்து முறைதான் உங்களுக்குத் தெரியுமே, ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போகவேணும். நேசமலரின் வீடு முறைப்படி தக்ஷாயினிக்குப் போய்விட்டது, எனக்கு விறாந்தையில் ஒரு மூலை. ஆக, இந்த வயதில் நான் இரண்டாம் தடவையாக மாப்பிள்ளையாகி டீச்சரின் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அந்த வீடு வாவிக்குக் கிட்ட. போன மார்கழி வெள்ளத்தில் அறைக்குள் முழங்காலளவு தண்ணி ஏறி, அவ கடையில வாங்கி வச்சிருந்த மரத்தூள் அமுக்கின சிப்போட் கட்டில், அலுமாரி எல்லாம் தேத்தண்ணியில போட்ட விசுக்கோத்து மாதிரி ஊதி உதிர்ந்து போயிட்டு. அதுக்குப் பிறகு அவ தரையிலதான் படுக்கிறா. கலியாணப் பேச்சு வந்தவுடன அவ சொன்ன ஒரே நிபந்தனை, "எனக்குச் சேலை வேணாம், நகை வேணாம். படுக்கிற அறைக்குப் பழைய காலத்துச் சாமான் வேணும். வெள்ளம் வந்து போனாலும் துடைச்சுப்போட்டுப் படுக்கிற மாதிரி மரம்." நான் நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் கீறின ஆள், வெள்ளம் வராமலிருக்கிறதுக்கு வாய்க்கால் கீறத் தெரியும், கட்டில் பார்க்கத் தெரியாது. ஆனாலும் ஓம் என்று சொல்லிப்போட்டன்.

முதலில் காத்தான்குடிக்குப் போனோம். நளீர் என்றொரு வியாபாரி பழைய தளபாடம் வைத்திருக்கிறார், நல்ல மனிசன். அங்க ஒரு துண்டில அன்டிக் எண்டும் மற்றத்தில வின்டேஜ் எண்டும் எழுதியிருந்திச்சு. என்ன வித்தியாசம் எண்டு கேட்டன். "அது லேசு, சேர்" எண்டார் நளீர். "அன்டிக் எண்டா வச்சிருந்த ஆள் மௌத்தாகியிருப்பாரு. வின்டேஜ் எண்டா ஆள் ஆஸ்பத்திரியில." டீச்சர் சிரிக்கல்ல, கொப்பியில எழுதுற மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டா. மறுகா ஒரு கண்ணாடி மேசைக்கு முன்னால இருந்து பாத்தா. ரசம் போன கண்ணாடி. அதில அவவுக்கு மூக்கு இல்ல, பின்னால நிண்ட எனக்குத் தலையே இல்ல. வேற பாப்பம் எண்டன். "எனக்கு அம்பத்தேழு வயசு, இவ்வளவு தெரிஞ்சாக் காணும்" எண்டு அதை எடுத்துட்டா. மேசை லாச்சியை இழுத்தா முழுசா வெளியில வந்திரும், திருப்பிப் போகாது, ஆனாலும் மரம் முதிரை எண்டு தட்டித் தட்டிக் காட்டினா. ஒரு பெரிய கட்டிலும் கிடந்திச்சு, பாத்தா ஒல்லாந்தர் வந்த கப்பலில இறக்கினது போல. நான் காசை எடுக்க, நளீர் என்ட கையைப் பிடிச்சிட்டார். "சேர், அது போன மாசம் செய்தது. சாயம் அடிச்சு, சங்கிலியால அடிச்சுப் பழசாக்கினது. வெளிநாட்டாக்களுக்கு. டீச்சர் என்ட மகளுக்குப் படிப்பிச்ச ஆள், அவவுக்கு நான் விக்கமாட்டன்." மச்சான், நீங்க இருக்கிற நாட்டில அப்பிடிக் கட்டில் கண்டா ஏமாந்திராதீங்க, அது காத்தான்குடியில இருந்து வந்ததாக்கூட இருக்கும்.

அவர்தான் கதிரவெளியில ஒரு அசல் கட்டில் இரிக்கி எண்டு சொல்லி அனுப்பினார். பஸ்ஸில போய் இறங்கி விசாரிச்சு, கண்ணகை எண்ட பொம்பிளையிட வளவுக்குப் போனம். கட்டில் முத்தத்தில வெயிலுக்க நிண்டிச்சு. நல்ல கடைஞ்ச கால். பிடிமானம் பாக்கிறதுக்கு நான் ஏறி நீட்டி நிமிர்ந்து கண்ணை மூடிப் படுத்தன். கண்ணகை, டீச்சரிட்டச் சொல்லுறா, "நல்ல ராசியான கட்டில் கா. எங்கட மாமாவும் மாமியும் இதிலதான் நித்திரையிலேயே போனவங்க. ஒரு நாள் வருத்தம் எண்டு கிடக்கல்ல. இந்தா, இந்த ஐயா கிடக்கிறாரே, இப்பிடியேதான் எங்கட மாமாவும்." நான் எழும்பிட்டன். டீச்சர் கேட்டா, "இப்ப இதில ஆர் படுக்கிற?" "இப்ப மீன்தான் கா காயப்போடுற." அப்பதான் எனக்கு முதுகில ஈரம் தெரிஞ்சிச்சு. மச்சான், நாங்க பஸ் தரிப்பிடத்துக்கு வரும்வரைக்கும் ஊர்ப் பூனை எல்லாம் என்ட பின்னால வந்தது. பஸ்ஸில நாங்க இருந்த வரிசைக்குக் கிட்ட ஆருமே இருக்கல்ல. டீச்சர் மட்டும் எழும்பிப் போகாம என்ட பக்கத்திலேயே யன்னலைத் திறந்து வச்சிட்டு இருந்தா. அண்டைக்குத்தான் எனக்கு இந்தக் கலியாணம் சரிவரும் எண்டு பட்டது.

கடைசியாச் செங்கலடிக்குப் போனம். அங்க கந்தப்போடி எண்டு ஒரு வயசான போடியார், வட்டையில நிறைய வயல்பூமி உள்ளவர், தன்ட படுக்கையறைக் கட்டிலைக் குடுக்கப்போறார் எண்டு கேள்விப்பட்டம். அப்பிடி ஒரு கட்டிலை நான் கண்டதில்ல. முதிரை, தலைமாட்டில தாமரை வெட்டின பலகை, பிரம்புப் பின்னல் ஒரு இடமும் தொய்யல்ல. டீச்சர் விளிம்பில இருந்து, கையால சட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தா. நான் நல்லாப் பாடம் படிச்ச ஆள் மாதிரி, "ஐயா, இதில ஆரும் போனவங்களா?" எண்டு கேட்டன். "இல்ல தம்பி. என்ட பெண்சாதி பெரியாஸ்பத்திரியிலதான் போனவ" எண்டார். "அப்ப ஏன் ஐயா விக்கிறீங்க?" அவர் சால்வையால தாமரைப் பலகையைத் துடைச்சார். மறுகா சொன்னார், "இது ஒராள் படுக்கிற கட்டில் இல்ல தம்பி. நான் படுத்துப் பாத்துட்டன். ராவில கையை நீட்டினா, கை போய்க்கிட்டே இரிக்கும்."

மச்சான், அந்த இடத்தில நான் என்ட கையைப் பாத்தன். நேசமலர் போன நாளில இருந்து நான் விறாந்தை மூலையில ஒடுங்கின சாய்மனைக் கதிரையில படுக்கிறதுக்கு முதுகுவலிதான் காரணம் எண்டு உங்களுக்கும் பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டு வாறன். டீச்சர் என்னைப் பாத்தா.

போடியார் தேத்தண்ணி தந்துபோட்டுக் கேட்டார், "நீங்க ரெண்டு பேரும் புருசன் பெண்சாதிதானே?" நான் ஓம் எண்டு வாயைத் திறக்க, டீச்சர் முந்திட்டா. "இல்ல ஐயா, இன்னும் கலியாண எழுத்து நடக்கல்ல." "அப்ப நடக்கட்டும் பிள்ள. மறுகா வந்து எடுங்க. இதை நான் குடும்பத்துக்குத்தான் குடுப்பன்." அவ்வளவுதான். ஓட்டோவில வரக்குள்ள எனக்குச் சரியான கோவம். ஒரு ஓம் சொல்லியிருந்தா கட்டில் இப்ப பின்னால வந்துகொண்டிருக்கும் எண்டன். "பொய் சொல்லி எடுத்த கட்டிலில எனக்கு நித்திரை வராது" எண்டா. அப்ப சுறுக்கா எழுத்தை வைப்பம் எண்டன். ஓட்டோ கல்லடிப் பாலம் தாண்டிச்சு. மறுகா சொன்னா, "உங்கட மச்சான்ட்ட முதல் கேளுங்க. அது அவர்ட தங்கச்சி இருந்த இடம். அவர் ஓம் எண்டாத்தான் எழுத்து." அவர் என்னோட கோவம், போன் எடுக்கிறாரில்ல எண்டு சொன்னன். "கோவம் வாறது நியாயம்தானே. எனக்கொரு தங்கச்சி இருந்தா எனக்கும் வரும்" எண்டா. நேசமலருக்கு ஒரு நாத்தனாராவது இப்பிடிப் பரிஞ்சு பேசினதை நான் கேட்டதில்ல மச்சான்.

ஆகவே, மதிப்புக்குரிய மச்சான் அவர்களே, தங்கள் வாயால் 'ஓம்' என்ற ஒரு சொல் வரும்வரை எழுத்தும் இல்லை, கட்டிலும் இல்லை என்பதை நான் சத்தியமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். என் பேச்சில் எக்காலத்திலும் மாற்றம் இராது. தங்கள் மனைவியார் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைக் கூறவும். தாங்கள் சைக்கிளால் விழாமல் இருக்கவும், முழங்கால் நோவு ஆறவும் கொக்கட்டிச்சோலையானை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
க. கதிர்காமத்தம்பி

பி.கு.: தபால்காரர் வேலைநிறுத்தம் என்றபடியால் இக்கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இதற்கிடையில் கந்தப்போடியார் டீச்சருக்குப் போன் எடுத்து, பாசிக்குடா ஹொட்டல்காரர் ஒருவர் லொறியோடு வந்து நிற்பதாகவும், கட்டிலின் காலை அறுத்து ஊஞ்சல் ஆக்கப்போவதாகவும், நாளை காலமைவரைதான் மறிக்க ஏலும் என்றும் சொன்னார். மச்சான்ட பதில் வரட்டும் எண்டு நான்தான் சொன்னன். டீச்சர் போனை வச்சிட்டு, "காலறுக்க விடேலா" எண்டு சேலை மாத்தப் போயிட்டா. கந்தோரில விசேட அனுமதிப் பத்திரம் எடுத்து, பதிவாளரை டீச்சர் வீட்டுக்குக் கூப்பிட்டு, அடுத்த நாள் விடியவே எழுத்து முடிஞ்சிது. தக்ஷாயினி ஒரு சாட்சி. கந்தப்போடியார் லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில கட்டிலோடயே வந்து இறங்கி மற்றச் சாட்சிக் கையெழுத்து வச்சார். ஆகவே மேலே 'எழுத்தும் இல்லை, கட்டிலும் இல்லை' என்ற வரியைத் தயவுசெய்து வெட்டிவிட்டு வாசிக்கவும். ஆனால் உங்கட ஓம் இப்பதான் கூடுதலாத் தேவைப்படுது. டீச்சர் சொல்லுறா, எழுத்து கட்டிலைக் காப்பாத்த வச்சதாம், நீங்க ஓம் எண்டு சொல்லும்வரை நான் அறைக்குள்ள வரக்கூடாதாம். அந்தப் பெரிய கட்டிலில அவ தனியக் கிடக்கிறா. நான் வெளி விறாந்தையில பாயில. சுறுக்காச் சொல்லுங்க மச்சான், வாவிக்கரை நுளம்பு பொல்லாதது.